அக்காவுக்கு நாற்பது, எனக்குப் பத்து

எங்கள் மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கள் உடம்புக்கு வருவதைக்கூட மழைக்காலத்துக்கு ஒத்திப்போடுவார்கள். ஐப்பசியில் பாத்திகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். பொங்கல் கழிந்து தண்ணீரை வெளியேற்றும்வரை அளத்தில் வேலை கிடையாது. கண்புரை, குடலிறக்கம், பல் பிடுங்குவது எல்லாம் அந்த இடைவெளியில்தான். நானும் என் வலது முழங்காலை இரண்டு கோடைக்குக் கெஞ்சிக் கூத்தாடி இழுத்துக்கொண்டு வந்து, ஐப்பசி பாதி கழிந்ததும் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு உலோகத்தில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தகராறு வந்தது வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான்.

டாக்டருக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். "வலிக்கு இந்த மாத்திரை. பத்து."

"பத்து நாளைக்கா டாக்டர்?"

"பத்து மாத்திரைம்மா. காலைல எக்சர்சைஸுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அஞ்சு நாள். அப்புறம் பாரசிட்டமாலும் ஐஸும் போதும்."

உப்பு விற்கிறவள் நான். எதிரில் இருப்பவர் முதலில் சொல்லும் எண்ணை ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது.

"முப்பதா போட்டுக் குடுங்க."

"பத்துதாம்மா."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். இருபது."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "இது அபின் வகை மருந்தும்மா. முன்னாடி நாங்களே கை நிறைய எழுதிக் குடுத்தோம். சில பேரால விட முடியாம போயிடுச்சு. இப்ப இங்க யாருக்கும் அஞ்சு நாளைக்கு மேல எழுதறதில்ல. அதுக்கு மேல வேணும்னா நேர்ல வரணும். நான் காலைப் பார்த்துட்டுதான் தருவேன். பழைய சீட்டை நீட்டினா கடையிலயும் தரமாட்டாங்க."

"பதினஞ்சு" என்றேன், கடைசி முயற்சியாக.

"ஆறாவது வாரம் வாங்க" என்றார் அவர். "கால் தொண்ணூறு டிகிரி மடங்கணும். மடங்கலைன்னா திரும்ப மயக்க மருந்து குடுத்து நாங்க மடக்க வேண்டி வரும்."

அதைக் கேட்டதும் பேரத்தை விட்டுவிட்டு, சீட்டை வாங்கிப் பையில் வைத்தேன். தொண்ணூறு டிகிரி மடங்கினால்தான் என் மொபெட்டில் உட்கார முடியும். மொபெட் இல்லாவிட்டால் அளத்துக்குப் போக முடியாது, வரப்பில் ஆட்டோ வராது. பொங்கலுக்குப் பிறகு பாத்தித் தரையை மிதித்துக் கெட்டியாக்கும்போது நான் அங்கே நிற்காவிட்டால் ஆட்கள் அடுத்த அளத்துக்குப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே என்று கேட்பீர்கள். அவர் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். உப்பைச் சாம்பாரில்தான் பார்த்திருக்கிறார்.

ஆனால் காரில் வீட்டுக்கு வரும்போது நான் தொண்ணூறு டிகிரியைப் பற்றி யோசிக்கவில்லை. என் ஓரகத்தியைப் பற்றித்தான் யோசித்தேன். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, அடுத்த தெரு. இரண்டு வருஷம் முன்னால் சென்னையில் அவளுக்கு இதே முழங்கால் ஆபரேஷன் நடந்தது. அவளுக்கு நாற்பது மாத்திரை கொடுத்தார்கள். நாற்பது! பட்டுப்புடவை முதல் கிறிஸ்துமஸ் கேக் வரை முப்பது வருஷமாக நாங்கள் ஒருவரை ஒருவர் அளந்து பார்த்தே காலம் தள்ளியவர்கள். இதிலும் அவள் கைதான் மேலே என்று எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை முதல் மாத்திரையை விழுங்கினேன். அதைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். அரை மணி நேரத்தில் என் கால் என்னை விட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. மின்விசிறி எவ்வளவு அழகாகச் சுற்றுகிறது என்று முதன்முதலாகக் கவனித்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உங்க மூக்கு ரொம்ப நல்ல மூக்குங்க, முப்பது வருஷமா சொல்லணும்னு இருந்தேன்" என்றேன். அவர் பயந்துபோய் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பங்குச் சாமியார் நோயாளிக்கு நற்கருணை கொடுக்க வந்தார். நான் பக்தியோடு வாங்கிக்கொண்டேன். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, உங்க பிரசங்கத்துல முதல் பாதி ரொம்ப நல்லா இருக்குது. அதோட நிறுத்திக்கலாமே" என்றேன். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சாமியார் நல்லவர், மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "இது பேசுதும்மா, நீங்க இல்ல" என்று சொல்லி ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போனார். உண்மையில் பேசியது நான்தான்.

சாயங்காலம் இரண்டாவதைப் போட்டேன். மீதி எட்டு. அந்த எட்டைப் பார்த்ததும் எனக்குள் இருந்த உப்பளத்துக்காரி விழித்துக்கொண்டாள். நாங்கள் கோடையில் வாரிய உப்பை உடனே விற்றுத் தீர்க்க மாட்டோம். அம்பாரமாகக் குவித்து, மேலே கீற்றுப் போட்டு மூடி, மழைக்கென்று வைப்போம். கையில் இருப்பதை எல்லாம் இன்றைக்கே தீர்ப்பவன் உருப்பட மாட்டான் என்று பால்குடி மறக்கும் முன்னே கற்றுக்கொண்டவர்கள். இன்னும் பெரிய வலி வரும், அன்றைக்குக் கடைக்காரன் தர மாட்டான், அப்போது இந்த எட்டு கை கொடுக்கும் என்று முடிவு கட்டினேன். மறுநாளிலிருந்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கித் தண்ணீர் குடித்துவிட்டு, அவர் போனதும் எடுத்துத் துடைத்து, பேப்பரில் மடித்து வைத்தேன். ஒளித்த இடம்தான் பிரமாதம். அலமாரியின் கீழ்த்தட்டில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருக்கும் பெட்டி. வைக்கோலுக்கு அடியில், ஒட்டகத்துக்குப் பக்கத்தில்.

பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து ஒரு பிசியோதெரபிப் பெண் ஸ்கூட்டியில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வருவாள். பார்க்கப் பூ மாதிரி இருப்பாள். காலைப் பிடித்தால் எமன். பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்தது போல ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் வைத்திருப்பாள். முதல் வாரம் நாற்பத்தைந்து என்றாள். அடுத்த வாரம் ஐம்பத்திரண்டு. மூன்றாவது வாரம் ஐம்பத்தெட்டில் வந்து நின்றது. அவள் மடக்கும்போது நான் மன்றாட்டுமாலையில் உள்ள எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன், சில பேரைத் திட்டவும் செய்தேன்.

"டாக்டர் குடுத்த அஞ்சு நாள் மாத்திரையும் போட்டீங்களா ஆன்ட்டி?"

"போட்டேனே கண்ணு."

"போட்டும் இவ்ளோ வலிக்குதா?" என்று அவள் புருவத்தைச் சுருக்கினாள். "காலை விறைப்பா பிடிச்சுக்கறீங்க. இப்படியே போனா டாக்டர்தான் மடக்கணும்."

எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் வைக்கோலில் கை வைக்க மனசு வரவில்லை. பெரிய வலிக்கென்று வைத்ததை எடுத்துவிட்டால் அப்புறம் பெரிய வலிக்கு என்ன செய்வது? அன்றன்றைக்கு வந்த வலியே பெரிய வலிதான் என்று தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் எங்கள் அன்பியத்துப் பெண்கள் ஜெபம் சொல்ல வந்தார்கள். கோயில் பங்கில் எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்ந்து ஓர் அன்பியம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எல்லோரும் அந்த வீட்டில் கூடுவது வழக்கம். வந்த ஐந்து பேருக்கும் முழங்கால் மாற்றியாகிவிட்டது, ஒருத்திக்கு இரண்டும். ஜெபம் முடிந்தது. ரொட்டியும் ஆரஞ்சும் வெளியே வந்தன. அவற்றோடு கைப்பைகளிலிருந்து மாத்திரை அட்டைகளும் வந்தன.

"உனக்குப் பத்துதான் குடுத்தாங்களாமே, பாவம். என்கிட்ட மீந்தது இருக்குது, வெச்சிக்க."

"இது கொஞ்சம் பழசு. ஆனா நல்ல மாத்திரை."

பலகாரத் தட்டு மாதிரி என் மடியில் அட்டைகள் சேர்ந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பதைத் தொட்டுவிடுவேன் போலிருந்தது. ஓரகத்தி மட்டும் வெறுங்கையோடு வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நேராக நீட்டியிருந்தாள். அவள் கால் அவ்வளவுதான் மடங்கும். காபி கொண்டு வந்த என் வீட்டுக்காரர் அதைத் தாண்டிக் கடக்க வேண்டியிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏன்க்கா, நாப்பது வாங்கினியே, தங்கச்சிக்கு நாலு கொண்டாரக் கூடாதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் காபி டம்ளரைப் பார்த்தபடி, "எங்கிட்ட இல்லடி" என்றாள். பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது, முப்பது வருஷப் பழக்கம்.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் உற்சாகமாகிவிட்டார். "திருவருகைக் காலம் பொறந்துடுச்சு, கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம்தான், எல்லாரும் இருக்கறப்பவே குடில் பொம்மைய எடுத்துக் காட்டறேன்" என்று சொல்லி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் "வேணாங்க" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. அவர் வைக்கோலை உதறினார். ஆட்டுக்குட்டி வந்தது, ஒட்டகம் வந்தது, பேப்பர் பொட்டலம் வந்தது. பொட்டலம் பிரிந்து எட்டு மாத்திரைகள் தரையில் உருண்டு ஓடின.

அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கன்னத்தில் ஊறியதில் அது ஓரம் கரைந்து கோணலாகியிருந்தது. "இது நான் தினமும் குடுத்த மாத்திரை இல்ல?"

இரண்டு முழங்காலும் மாற்றியவள்தான் முதலில் ஆரம்பித்தாள். "பாலன் ஏசுவுக்கு மூணு ராஜா கொண்டாந்தது பொன்னு, சாம்பிராணி, வெள்ளைப்போளம். இது வலி மாத்திரை! நாலாவது ராஜா கொண்டாந்தது!" அவ்வளவுதான், வீடே அதிர்ந்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்துப் புரையேறி, இன்னொருத்தி அவள் தலையில் தட்ட, அந்தக் களேபரத்தில் ஒட்டகத்தின் கால் உடைந்தது. நானும் வெட்கத்தோடு சிரித்தேன். சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான்.

எல்லோரும் போனபிறகும் ஓரகத்தி எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கச் சிரமப்படுகிறாள் என்று நினைத்துக் கை நீட்டினேன். அவள் கையைப் பிடித்து என்னை உட்கார வைத்தாள்.

"எங்கிட்ட இருக்குது" என்றாள். "ஒரு அட்டை. அலமாரில புடவைக்கு அடியில. உனக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் எடுத்துட்டு வரல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனாள்.

"அந்த நாப்பதும் தீந்துச்சு. எங்க வீட்டுக்காரர் கடைல கேட்டாரு, அப்பல்லாம் குடுத்தாங்க. இன்னொரு நாப்பது. அப்புறம் இன்னும். வலிக்காக போடலடி. போட்டா எல்லாம் லேசா இருக்கும், யார் மேலயும் கோவம் வராது. எக்சர்சைஸ் சொல்லித் தர்ற பையன் வந்தா, நாளைக்கு வாப்பான்னு சொல்லிட்டு படுத்துப்பேன். நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிச் சொல்லி இந்தக் கால் இப்படி நின்னுபோச்சு. நிறுத்தனப்போ வேர்த்து, உதறி, வாந்தி எடுத்து கெடந்தேன். டெங்குன்னு சொன்னோம் பாரு, அதுதான்."

எனக்கு அந்த டெங்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த மாதம்தான் என் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

"அன்னைக்கு புடவை கட்டி, பூ வெச்சி, கட்டில்லயே உக்காந்துனு இருந்தேன்" என்றாள். "எழுந்துக்க முடியல. உங்கிட்ட இன்னான்னு சொல்றது?"

அன்றிலிருந்து நான் ஊர் முழுக்கப் பேசித் திரிந்தது என் காதிலேயே ஒலித்தது. என் மகள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுவது பொறுக்காமல் பெரியம்மாக்காரி வரவில்லை என்று சொல்லாத வீடு பாக்கி கிடையாது. நிச்சயதார்த்த வீடியோவைப் பங்கில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அவள் கேட்டபோது மட்டும், அது கெட்டுப்போச்சு என்றேன். நாற்பது மாத்திரைக்காக அவள்மேல் பொறாமைப்பட்டதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத" என்றாள் அவள், பழைய அதட்டலோடு. "உனக்குப் பத்து குடுத்தான் பாரு, அவன் நல்லா இருக்கணும். நீ இன்னாடான்னா அதையும் பொம்மைக்கு அடியில வெச்சினு, வலிய தாங்கினு, காலை மடக்காம கெடக்கற. நான் போட்டுக் கெடுத்தேன், நீ போடாம கெடுக்கற. ரெண்டு பேருக்கும் அறிவு கெடையாது."

பிறகு தரையிலிருந்து வீட்டுக்காரர் பொறுக்கி வைத்திருந்த மாத்திரைகளைக் காட்டி, "அதை என் கையில குடுக்காத. உன் வீட்டுக்காரர்கிட்டயே குடு. அந்த அட்டைங்களையும்" என்றாள். அவர் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, தபால் ஆபீஸ் ஆள் அல்லவா, நூல் கட்டி அரக்கு வைக்காத குறையாக மூடினார்.

மறுநாள் காலை ஓரகத்தி முன்னால் உட்கார்ந்திருக்க, பிசியோதெரபிப் பெண் டாக்டருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது மாதிரி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.  அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அம்மா, நான் மருந்து குடுத்தது நீங்க காலை மடக்கறதுக்கு. சேத்து வெக்கறதுக்கு இல்ல. உங்களோடதுல, எக்சர்சைஸ் இருக்கற நாள் மட்டும், அரை மணி முன்னாடி ஒண்ணு. வேற எப்பவும் வேணாம். மத்தவங்க குடுத்ததைத் தொடாதீங்க. மீதி எல்லாத்தையும் ஆறாவது வாரம் எங்கிட்ட கொண்டாங்க."

"எட்டையும் போட்டுக்கலாமா?"

"பேரம் பேசாதீங்க."

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் திருவிழாதான். எக்சர்சைஸ் நாளில் என் வீட்டுக்காரர் டப்பாவின் நூலை அவிழ்த்து ஒரே ஒரு மாத்திரையை எடுத்துத் தருவார். ஓரகத்தி என்னை வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். மாட்டுச் சந்தையில்கூட அப்படிப் பல்லைப் பார்க்க மாட்டார்கள். அரை மணி கழித்துப் பாகைமானி வரும். வலி இல்லாமல் இல்லை, ஆனால் காலை விறைக்க வைக்கிற அந்தப் பயம் கொஞ்சம் விலகி நின்றது. ஓரகத்தி எதிரில் கால் நீட்டி உட்கார்ந்து, திருவிழா ஏலம் விடுகிறவள் மாதிரி கத்துவாள். "அறுபத்தஞ்சு! இன்னும் கொஞ்சம்டி! எழுபது!" நான் எல்லாப் புனிதர்களையும் விட்டுவிட்டு அவளைத் திட்டத் தொடங்கினேன். அவள் திருப்பித் திட்டினாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, பிசியோதெரபிப் பெண் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு எங்கள் சிரிப்பு அடங்கக் காத்திருப்பாள். ஒரு நாள் அவள், "பெரியம்மா, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, நீங்களும் மடக்குங்க" என்று ஓரகத்தியின் காலைப் பிடித்தாள். அன்றைக்குத் தெரு முழுக்கச் சத்தம் கேட்டது.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்கு நானும் வீட்டுக்காரரும் ஓரகத்தியும் போனோம். டாக்டர் என் காலை மடக்கினார். "தொண்ணூத்தி நாலு" என்றார். நான் அவரிடமிருந்து அளவுகோலைப் பிடுங்கி நானே ஒரு முறை பார்த்தேன்.

"வண்டி எப்ப ஓட்டலாம்?"

"பொங்கல் கழியட்டும்."

"கிறிஸ்துமஸ்."

"பொங்கல் கழியட்டும்மா. மாத்திரை மீதி எங்க?"

வீட்டுக்காரர் பிஸ்கட் டப்பாவை மேசையில் வைத்தார். என்னுடையதில் ஒன்றுதான் பாக்கி, அன்பியத்து அட்டைகள் அப்படியே இருந்தன. டாக்டர் மூடியைத் திறந்துகொண்டிருந்தபோது, ஓரகத்தி கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டை, ஜெபமாலை, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் தள்ளி அடியிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். விளிம்பெல்லாம் வளைந்து, எழுத்து அழிந்து போயிருந்தது. எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பாளோ. டப்பாவுக்குள் போட்டாள். அவள் விரல் கொஞ்ச நேரம் டப்பாவுக்குள்ளேயே இருந்தது, பிறகு வெளியே வந்தது.

"இதையும் சேத்துக்கோங்க" என்றாள்.

டாக்டர் எதையும் எண்ணவில்லை. மூடியைப் போட்டார். "உங்க காலையும் ஒருவாட்டி காட்டுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தோம். என் கால் மடங்கியிருந்தது, அவளுடையது வழியை மறித்து நீண்டிருந்தது. கண்டக்டர் தாண்டித் தாண்டிப் போனார். காலாப்பட்டு தாண்டியதும் நான் சொன்னேன்.

"அக்கா, அந்த நிச்சயதார்த்த வீடியோ கெட்டுப்போகல. வீட்டுக்கு வா, பாக்கலாம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெட்டுப்போகவில்லை என்பது அவளுக்கு எப்போதோ தெரியும் போலிருந்தது. "எவ்ளோ நேரம் ஓடும்?"

"மூணு மணி நேரம்."

"அய்யோ, எல்லா மாத்திரையையும் டாக்டர்கிட்ட குடுத்துட்டமே!"

கண்டக்டர் என்ன ஆயிற்று என்று ஓடி வரும் அளவுக்குச் சிரித்தோம்.

அன்று சாயங்காலமே போட்டுப் பார்த்தோம். முக்காலியில் அவள் காலை நீட்டி வைத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். புடவைகளைக் குறை சொன்னாள், சாப்பாட்டைக் குறை சொன்னாள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நடையைக் குறை சொன்னாள். பிறகு திடீரென்று டிவியைக் காட்டினாள்.

"அந்த முதல் வரிசைல, உன் பச்சைப் பை ஒரு சேர்மேல அப்படியே உக்காந்துனு இருக்குது பாரு. இவ்ளோ கூட்டத்துல யாரும் ஏன் உக்காரல?"

"நான் யாரையும் உக்கார விடல" என்றேன். "அது உனக்குப் போட்ட சேரு, அக்கா."

 மோதிரம் மாற்றி, கேக் வெட்டி, எல்லோரும் பந்திக்கு எழுந்து போய், காலி மண்டபத்தில் அந்தப் பை மட்டும் மிச்சம் இருக்கும்வரை அவள் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மறுபடியும் முதல்லேர்ந்து போடு."

"மூணு மணி நேரம்கா."

"போடுடி" என்றாள்.